பெஞ்சமின் கிரியர்சன்: இசை ஆசிரியர் குதிரைப்படைத் தளபதியான வரலாறு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க உள்நாட்டுப் போரின் குதிரைப்படைத் தளபதிகள் என்றதும் கஸ்டர், ஷெரிடன், ஸ்டூவர்ட், ஃபாரஸ்ட் ஆகிய பெயர்களே முதலில் நினைவுக்கு வருகின்றன. கிரியர்சனைத் தெரிந்தவர்களும் 1863ஆம் ஆண்டின் பதினாறு நாள்களோடு அவரை முடித்துவிடுகிறார்கள். அதற்குப் பின்னால் கறுப்பினப் படைவீரர்களோடு அவர் கழித்த இருபத்திரண்டு ஆண்டுகள்தான் அவர் வாழ்க்கையின் கனமான பகுதி என்று நான் உறுதியாக எண்ணுகிறேன். ஆகவே இங்கே அந்த ஆண்டுகளுக்கும் உரிய இடம் கொடுத்திருக்கிறேன்.

கிரியர்சன் யார்?

பெஞ்சமின் ஹென்றி கிரியர்சன் 1826 ஜூலை 8 அன்று பென்சில்வேனியா மாநிலத்தின் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தார். பெற்றோர் அயர்லாந்திலிருந்து குடியேறியவர்கள். ஒஹாயோ மாநிலத்தின் யங்ஸ்டவுனில் வளர்ந்தார். பிறகு இல்லினாய் மாநிலத்தின் ஜாக்சன்வில்லில் குடியேறினார். அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களுக்கு எதிரான உள்நாட்டுப் போரில், வடக்கின் ஒன்றியப் படையில் பணியாற்றித் தளபதியானார். போருக்குப் பின் கறுப்பின வீரர்களைக் கொண்ட 10ஆவது குதிரைப்படை ரெஜிமென்ட்டை (படைப்பிரிவை) உருவாக்கி, 1866 முதல் 1888 வரை அதை நடத்தினார். 1890இல் பிரிகேடியர் ஜெனரலாக ஓய்வு பெற்றார். 1911இல் மிச்சிகன் மாநிலத்தின் ஒமேனாவில் காலமானார்.

அவருக்குக் குதிரைகளையே பிடிக்காது என்பது உண்மையா?

உண்மைதான். எட்டு வயதில் ஒரு குதிரை முகத்தில் உதைத்துச் சிறுவன் சாகும் நிலைக்குப் போய்விட்டான். சில காலம் கண் பார்வையும் இல்லாமல் இருந்தது. உயிர் பிழைத்தாலும் கன்னத்தில் வடு தங்கிவிட்டது. பின்னாளில் அவர் வளர்த்த அடர்ந்த தாடி அந்த வடுவை மறைத்தது. குதிரைகள் மீது ஏற்பட்ட அவநம்பிக்கை வளர்ந்த பிறகும் போகவில்லை.

ராணுவத்துக்கு வருவதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார்?

இசை கற்பித்தார். பல கருவிகளை வாசிக்கத் தெரிந்தவர், இசைக்குழுக்களை நடத்தினார், பாடல்களுக்கு மெட்டமைத்தார். ஆனால் இசையில் கிடைத்த வருமானம் குடும்பம் நடத்தப் போதவில்லை. 1854இல் ஆலிஸ் கிர்க் என்ற பள்ளி ஆசிரியையை மணந்த பின், மெரிடோசியா என்ற ஆற்றங்கரை ஊரில் கூட்டாகக் கடை வைத்தார். 1857இல் நாடெங்கும் வந்த பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அந்த வியாபாரம் தள்ளாடிக் கடைசியில் கடனில் முடிந்தது. மனைவி மக்களோடு ஜாக்சன்வில்லில் இருந்த பெற்றோர் வீட்டுக்கே திரும்ப வேண்டியதாயிற்று.

இந்த ஆண்டுகளில் அவர் செய்த இன்னொரு வேலை அரசியல். அடிமை முறை பரவுவதை எதிர்த்த புதிய குடியரசுக் கட்சியில் சேர்ந்து, ஆபிரகாம் லிங்கனுக்காக முனைந்து உழைத்தார். அடிமை முறை தவறு என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. போருக்குப் பின் அவர் எடுத்த முடிவுகளின் வேரை இந்த இல்லினாய் ஆண்டுகளில்தான் தேட வேண்டும்.

அப்படிப்பட்டவர் குதிரைப்படைக்கு எப்படி வந்தார்?

1861இல் போர் மூண்டதும் அவருக்கு வயது 34. கையில் காசில்லை, ராணுவப் பயிற்சியும் இல்லை. தளபதி பெஞ்சமின் பிரெண்டிஸுக்குச் சம்பளம் இல்லாத உதவியாளராகச் சேர்ந்தார். காலாட்படையில் பதவி கிடைக்கும் என்று எதிர்பார்த்திருந்தபோது, 6ஆவது இல்லினாய் குதிரைப்படையில் மேஜராக நியமித்துவிட்டார்கள். மாற்றித் தரும்படி கேட்டும் பலனில்லை. இரவில் உட்கார்ந்து போர்முறை நூல்களைப் படித்தார், பகலில் வீரர்களோடு சேர்ந்து பயின்றார். 1862 ஏப்ரலில் அதே ரெஜிமென்ட்டுக்குக் கர்னலானார். வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் படிக்காத ஒருவர் ஓராண்டுக்குள் ஒரு ரெஜிமென்ட்டை ஏற்றது அந்தப் போரில் அரிதல்ல. ஆனால் அப்படி வந்தவர்களில் பலர் அந்தப் பொறுப்புக்குத் தகுதியாகவில்லை, இவர் தகுதியாக்கிக்கொண்டார்.

‘கிரியர்சன் ரெய்டு’ என்பது என்ன?

1863 வசந்தத்தில் வடக்கின் தளபதி யுலிசீஸ் கிராண்ட்டுக்கு ஒரே இலக்கு இருந்தது: மிசிசிப்பி ஆற்றங்கரையில் தெற்கின் கோட்டையாக நின்ற விக்ஸ்பர்க் நகரம். அது எதிரியிடம் இருக்கும்வரை ஆறு வடக்கின் கைக்கு முழுதாக வராது. கிராண்ட் தன் படையை ஆற்றின் மேற்குக் கரை வழியாகத் தெற்கே நடத்திச் சென்று, நகரத்துக்குக் கீழே ஆற்றைக் கடக்கத் திட்டமிட்டார். கடக்கும் நேரத்தில் விக்ஸ்பர்க்கின் தளபதி ஜான் பெம்பர்ட்டனின் கவனம் வேறு பக்கம் போக வேண்டும். அதற்காகவே மிசிசிப்பி மாநிலத்தின் நடுவே ஒரு குதிரைப்படையை அனுப்பினார்கள். அந்தத் திடீர்ப் படையெடுப்புதான் ‘கிரியர்சன் ரெய்டு’.

1863 ஏப்ரல் 17 அதிகாலை, டென்னசியின் லா கிரேஞ்ச் ஊரிலிருந்து 1,700 வீரர்களோடு கிரியர்சன் புறப்பட்டார். 6ஆவது, 7ஆவது இல்லினாய், 2ஆவது அயோவா என மூன்று குதிரைப்படை ரெஜிமென்ட்டுகள். உடன் சில சிறிய பீரங்கிகள். அவரிடம் இருந்தது மிசிசிப்பி மாநிலத்தின் ஒரு சட்டைப்பை வரைபடம். கூடவே வாயில் வைத்து வாசிக்கும் சிறிய மோர்சிங் போன்ற கருவி ஒன்றும் இருந்தது. இசைக்காரர் அதை விட்டுவிட்டுப் போகவில்லை.

எதிரியின் மாநிலத்துக்குள் இத்தனை தூரம் போய் எப்படித் தப்பினார்கள்?

இந்தப் பயணத்தில் வேகத்தைவிட ஏமாற்றுதான் முக்கியமாக இருந்தது. அதில்தான் கிரியர்சனின் திறமை தெரிகிறது.

மூன்றாம் நாள் கழிந்ததும், நோயாளிகளும் தளர்ந்தவர்களுமாகச் சுமார் 175 பேரைப் பிரித்துக் கைதிகளோடு வடக்கே திருப்பி அனுப்பினார். அவர்களுக்குக் காய்ச்சல் மருந்தின் பெயரால் ‘குவினைன் படை’ என்றே பெயர் வந்தது. போகிற வழியில் ஊர் மக்கள் பார்க்கும்படி, ஆனால் எத்தனை பேர் என்று தெரியாதபடி இரவில் போகச் சொன்னார். முழுப்படையும் திரும்புகிறது என்று சேதி பரவட்டும் என்பது நோக்கம். மறுநாள் கர்னல் எட்வர்ட் ஹாட்சின் அயோவா ரெஜிமென்ட்டையும் ஒரு பீரங்கியோடு பிரித்துவிட்டார். ஹாட்சின் ஆட்கள் முன்னே போனவர்களின் குளம்படித் தடங்களின்மேல் திரும்பி நடந்து அவற்றை அழித்தார்கள். ஒரே பீரங்கியைச் சாலையில் வெவ்வேறு இடங்களில் சுற்றித் திருப்பிப் பல பீரங்கிகள் திரும்பியதுபோல் சக்கரத்தடம் பதித்தார்கள். துரத்திவந்த தெற்குப் படை அந்தத் தடத்தை நம்பி ஹாட்சின் பின்னால் போய்விட்டது. ஹாட்ச் சண்டையிட்டபடியே வடக்கே இழுத்துச் சென்றார். கிரியர்சனிடம் மீதமிருந்த சுமார் 950 பேர் தெற்கே போய்க்கொண்டிருந்தார்கள்.

படைக்கு முன்னால், தெற்கு வீரர்களைப்போல உடையணிந்த ஒற்றர் குழு ஒன்று சார்ஜென்ட் ரிச்சர்ட் சர்பியின் தலைமையில் போயிற்று. பிடிபட்டால் தூக்கு என்று தெரிந்தே போனவர்கள் அவர்கள். பாலங்கள் எரிக்கப்படுவதற்கு முன் பிடித்ததும், காவலர்களைப் பேச்சுக் கொடுத்து மடக்கியதும் அவர்கள் வேலை. ஹேசல்ஹர்ஸ்ட் ஊரில் தந்தி நிலையத்துக்குள் நுழைந்து, வடக்குப் படை வேறு திசையில் போய்விட்டதாகப் பெம்பர்ட்டனுக்கே ஒரு பொய்த் தந்தியையும் அடித்தார்கள். கேப்டன் ஹென்றி ஃபோர்ப்ஸ் சுமார் 35 பேரோடு தனியாகப் பிரிந்து போய், எண்டர்பிரைஸ் என்ற ஊரில் வெள்ளைக்கொடி காட்டிச் சரணடையச் சொன்னார். உள்ளே இருந்த படை அவர்களைவிடப் பல மடங்கு பெரியது. பதில் சொல்ல அவகாசம் கேட்டார்கள். அந்த அவகாசத்தில் ஃபோர்ப்ஸின் ஆட்கள் மறைந்துவிட்டார்கள்.

நியூட்டன் ரயில் நிலையத்தில் என்ன நடந்தது?

விக்ஸ்பர்க்குக்குக் கிழக்கே சுமார் 100 மைல் தூரத்தில் இருந்த சிறிய நிலையம் அது. கிழக்கிலிருந்து விக்ஸ்பர்க்குக்குப் போகும் பொருள்கள் இந்தத் தண்டவாளத்தில்தான் வந்தன. ஏப்ரல் 24 காலை, லெப்டினன்ட் கர்னல் வில்லியம் பிளாக்பர்னின் முன்னணிக் குழு நிலையத்தைச் சுற்றி மறைந்து நின்று, அடுத்தடுத்து வந்த இரண்டு ரயில்களைப் பிடித்தது. ஒன்றில் வெடிமருந்தும் ஆயுதங்களும் இருந்தன. தீ வைத்ததும் குண்டுகள் வெடித்த ஓசையைக் கேட்டு, சண்டை மூண்டுவிட்டது என்று எண்ணிக் கிரியர்சன் மற்றவர்களோடு விரைந்து வந்தாராம். எஞ்சின்களை நாசமாக்கினார்கள், தண்டவாளங்களைத் தீயில் காய்ச்சி வளைத்தார்கள், பாலங்களை எரித்தார்கள், தந்திக் கம்பிகளை அறுத்தார்கள்.

இத்தனை அழிவிலும் அவர் ஒரு வரம்பு வைத்திருந்தார். தெற்கு அரசின் பொருள்களை எரிக்கலாம், மக்களின் வீடுகளை எரிக்கக் கூடாது. கார்லண்ட்வில் என்ற ஊரில் வயதானவர்களே துப்பாக்கியோடு எதிர்த்து நின்றபோது, ஆயுதங்களைப் பிடுங்கிக்கொண்டு அவர்களை விட்டுவிட்டார்.

அந்தப் பயணம் எப்படி முடிந்தது?

திரும்பும் வழி எல்லாம் அடைபட்டுவிட்டதால், வடக்கே திரும்பாமல், ஒன்றியப் படையின் கையிலிருந்த லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரை நோக்கித் தெற்கே போவது என்று முடிவெடுத்தார். மே 1 அன்று டிக்ஃபா ஆற்றின் பாலத்தில் நடந்த மோதலில் பிளாக்பர்ன் உயிர்போகும் அளவுக்குக் காயம் பட்டார், சர்பியும் காயமடைந்தார். இருவரையும் அங்கேயே விட்டுப் போக வேண்டியிருந்தது. மே 2 அன்று படை பேட்டன் ரூஜை அடைந்தது. 16 நாள், சுமார் 600 மைல்.

நகருக்கு வெளியே ஒரு தோட்டத்து மாளிகையில் நின்றபோது, வீரர்கள் இறங்கிய இடத்திலேயே தூங்கிவிட்டார்கள். தானும் தூங்கிவிடாமலிருக்கக் கிரியர்சன் அந்த வீட்டுக் கூடத்தில் இருந்த பியானோவில் உட்கார்ந்து வாசித்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

அவருடைய அறிக்கையின்படி இழப்பு 3 பேர் இறப்பு, 7 பேர் காயம், 9 பேர் காணவில்லை. நடக்க முடியாமல் வழியில் விடப்பட்டவர்கள் 5 பேர். எதிரியிடம் 500 பேருக்கு மேல் சிறைபிடித்தார்கள். 50 மைலுக்கு மேல் தண்டவாளமும் தந்தியும் அழிந்தன. ஜூன் மாதம் அவர், போர்க்காலத்துக்கு மட்டும் திரட்டப்பட்ட தொண்டர் படையின் பிரிகேடியர் ஜெனரலானார். பத்திரிகை அட்டைப்படத்தில் அவர் முகம் வந்தது. இந்தப் போரின் மிக ஒளிமிக்க படையெடுப்பு என்று வடக்கின் தளபதி வில்லியம் ஷெர்மன் பாராட்டினார்.

விக்ஸ்பர்க் வெற்றிக்கு இது உண்மையிலேயே உதவியதா, புகழ் மட்டும்தானா?

உதவியது. தண்டவாளங்களைச் சில வாரங்களில் சரிசெய்துவிடலாம். அந்த அழிவை மட்டும் கணக்கிட்டால் பயன் சிறிதுதான். பெம்பர்ட்டனிடம் குதிரைப்படை ஏற்கெனவே குறைவு. பெரும்பகுதி டென்னசிக்கு அனுப்பப்பட்டிருந்தது. இருந்ததையும் கிரியர்சனைத் துரத்த அனுப்பினார். ஆற்றங்கரையில் கிராண்ட் கால் வைக்கப்போகும் பகுதியைக் கவனித்துக்கொண்டிருந்த விர்ட் ஆடம்ஸின் குதிரைப்படையையும் கிரியர்சனுக்கு எதிராகத் திருப்பினார். ஏப்ரல் 30 அன்று கிராண்ட் புருயின்ஸ்பர்க்கில் ஆற்றைக் கடந்தபோது கரையில் எதிர்ப்பே இல்லை. ஜூலை 4 அன்று விக்ஸ்பர்க் சரணடைந்தது. கிராண்ட்டின் படைதான் அந்த நகரத்தை வென்றது என்பதில் சந்தேகமில்லை; ஆனால் கரையில் எதிர்ப்பில்லாமல் கடந்ததில் கிரியர்சனுக்கு நேரடியான பங்கு உண்டு.

அவர் தோற்றதே இல்லையா?

தோற்றிருக்கிறார். 1864 ஜூன் 10 அன்று பிரைசஸ் கிராஸ்ரோட்ஸ் சண்டையில், தளபதி சாமுவேல் ஸ்டர்ஜிஸின் கீழ் குதிரைப்படையை நடத்தினார். எதிரே நேதன் பெட்ஃபோர்ட் ஃபாரஸ்ட். ஒன்றியப் படை எண்ணிக்கையில் பெரிதாக இருந்தும் நொறுங்கிப்போனது. சண்டையைத் தொடங்கிய கிரியர்சனின் ஆட்கள் குதிரையிலிருந்து இறங்கிப் பல மணி நேரம் தாக்குப்பிடித்தார்கள். கடும் வெயிலில் ஓடிவந்த காலாட்படை சேர்ந்தபோது களைத்துப்போயிருந்தது. பின்வாங்கல் ஓட்டமாக மாறிவிட்டது. முழுப்பழியையும் கிரியர்சன் மீது போடுவது நியாயமில்லை, ஆனால் எதிரியின் பலத்தை முழுதாக அறியாமல் அந்த இடத்தில் சண்டைக்குள் இறங்கியதில் அவருக்கும் பங்குண்டு.

அதே ஆண்டு டிசம்பரில் மெம்ஃபிஸிலிருந்து இன்னொரு நீண்ட படையெடுப்பை நடத்தி, வெரோனா, ஈஜிப்ட் ஆகிய ரயில் நிலையங்களைத் தாக்கிவிட்டு ஜனவரியில் விக்ஸ்பர்க்கை அடைந்தார். இதுவும் வெற்றிதான், ஆனால் முதல் பயணத்தின் புகழ் இதை மறைத்துவிட்டது.

போருக்குப் பின் 10ஆவது குதிரைப்படையை ஏன் ஏற்றுக்கொண்டார்?

1866 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம், கறுப்பினத்தவருக்கென ஆறு ரெஜிமென்ட்டுகளை நிரந்தரப் படையில் அமைக்கச் சட்டமியற்றியது. அவற்றில் இரண்டு குதிரைப்படை: 9ஆவதும் 10ஆவதும். தொடக்கத்தில் அதிகாரிகள் மட்டும் வெள்ளையர்கள். இந்த ரெஜிமென்ட்டுகளில் சேரப் பல வெள்ளை அதிகாரிகள் மறுத்தார்கள். உயர்ந்த பதவியைக் கைவிட்டு, வெள்ளையர் ரெஜிமென்ட்டில் தாழ்ந்த பதவியையே ஏற்றவர்களும் உண்டு. கிரியர்சன் தயக்கமில்லாமல் 10ஆவதன் கர்னல் பதவியை ஏற்றார். 9ஆவது ரெஜிமென்ட்டின் கர்னலானவர், மிசிசிப்பியில் எதிரியை வடக்கே இழுத்துப்போன அதே எட்வர்ட் ஹாட்ச்.

கிரியர்சனுக்கு நிலையான வேலை தேவைப்பட்டது என்பதும் ஒரு காரணம். ஆனால் வேலை மட்டுமே காரணமாக இருந்திருந்தால் அடுத்து நடந்தவற்றை அவர் பொறுத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

லெவன்வொர்த் கோட்டையில் என்ன தகராறு?

கான்சாஸின் லெவன்வொர்த் கோட்டையில் 10ஆவது ரெஜிமென்ட் உருவாகத் தொடங்கியது. கோட்டையின் தலைவர் வில்லியம் ஹாஃப்மன், கறுப்பின வீரர்களுக்கு வெறுப்பை மறைக்காதவர். புதிதாகச் சேர்ந்தவர்களைத் தண்ணீர் தேங்கும் தாழ்ந்த நிலத்தில் கூடாரமடிக்க வைத்தார். ஆட்கள் நிமோனியாவில் விழுந்தார்கள். அணிவகுப்பில் வெள்ளை வீரர்களிடமிருந்து விலகி நிற்க வேண்டும் என்று ஆணையிட்டார். கூடாரத் துப்புரவு, சீருடை எனச் சின்னச் சின்னக் குறைகளுக்கெல்லாம் எழுத்தில் கண்டனம் வந்துகொண்டே இருந்தது.

கிரியர்சன் ஒவ்வொன்றையும் எதிர்த்து எழுதினார், நேரில் வாதாடினார். தன் ரெஜிமென்ட்டின் அறிக்கைகளில் ‘நிறத்தவர்’ என்ற அடைமொழி வரக் கூடாது, ‘10ஆவது குதிரைப்படை’ என்று மட்டுமே எழுத வேண்டும் என்று தன் அதிகாரிகளுக்குக் கட்டளையிட்டார். மற்ற ரெஜிமென்ட்டுகளின் அறிக்கையில் ‘வெள்ளையர்’ என்று யாரும் எழுதுவதில்லையே என்பதே அதன் நியாயம். அந்தக் காலத்து ராணுவத்தில் இப்படி எழுதவே துணிவு வேண்டும்.

எவரை வேண்டுமானாலும் சேர்த்துக்கொண்டு எண்ணிக்கையை நிரப்ப அவர் ஒப்புக்கொள்ளவில்லை. சேர்ந்தவர்களில் பலர் அடிமைகளாக இருந்தவர்கள், எழுத்தறியாதவர்கள். அலுவலக வேலைக்கும் சார்ஜென்ட் பதவிகளுக்கும் படித்தவர்கள் தேவை என்பதால் கேப்டன் லூயிஸ் கார்ப்பென்டரை ஃபிலடெல்ஃபியாவுக்கு அனுப்பி ஆட்களைத் தேடச் சொன்னார். வீரர்களுக்குக் கல்வி புகட்ட ஒரு பாதிரியார் இந்த ரெஜிமென்ட்டுகளில் சட்டப்படியே உண்டு. ரெஜிமென்ட்டுக்கென ஓர் இசைக்குழு வேண்டும் என்பதில் கிரியர்சனுக்குத் தனி அக்கறை. கருவிகளுக்கு நிதி திரட்டி அதையும் அமைத்தார். மாதச் சம்பளம் 13 டாலர், ஐந்தாண்டு ஒப்பந்தம். அந்தச் சம்பளத்துக்கு அந்த வீரர்கள் செய்த வேலை மிகப் பெரிது. படையை விட்டு ஓடியவர்களின் விகிதமும் வெள்ளை ரெஜிமென்ட்டுகளைவிடக் குறைவு.

‘பஃபலோ சோல்ஜர்ஸ்’ என்பவர்கள் இவர்கள்தானா?

ஆம். சமவெளிப் பூர்வகுடிகள் வைத்த பெயர் அது. முதலில் 10ஆவது ரெஜிமென்ட்டைக் குறித்து, பிறகு கறுப்பினப் படைவீரர் எல்லோருக்கும் வழங்கலாயிற்று. செயென் மக்கள் வைத்தார்களா, கோமான்சி மக்கள் வைத்தார்களா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. காட்டெருமையை 10ஆவது ரெஜிமென்ட் பின்னாளில் தன் சின்னத்திலேயே சேர்த்துக்கொண்டது.

பூர்வகுடிகளிடம் அவர் எப்படி நடந்துகொண்டார்?

அவர் பணியாற்றிய ராணுவம் பூர்வகுடிகளின் நிலத்தைப் பறிக்க உதவிய ராணுவம். அவர் கட்டிய கோட்டைகளும் சாலைகளும் அந்த வேலைக்கே பயன்பட்டன. அடிமைத்தனத்திலிருந்து மீண்ட கறுப்பின வீரர்களே இன்னொரு மக்களை ஒடுக்க அனுப்பப்பட்டார்கள். இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது சரியாகாது.

அந்த வரம்புக்குள்ளும் அவர் மற்றத் தளபதிகளிலிருந்து வேறுபட்டார். இன்றைய ஓக்லஹோமாவில் சில் கோட்டைக்கான இடத்தைத் தேர்ந்தவர் அவர். 1869இல் தொடங்கிய அந்தக் கோட்டையின் கல் கட்டடங்களை 10ஆவது வீரர்கள் எழுப்பினார்கள். கியோவா, கோமான்சி மக்களுக்கான அரசுப் பொறுப்பாளராக இருந்த லாரி டேட்டம், போரை எதிர்க்கும் கிறித்தவப் பிரிவான குவேக்கர் சமயத்தவர். அவரோடு ஒத்துழைத்து, அரசு வாக்களித்த உணவு உரிய நேரத்தில் வந்தால் சண்டைக்கே வேலையிருக்காது என்று கிரியர்சன் தொடர்ந்து எழுதினார். எல்லைப்புறக் குடியேறிகளும் சக அதிகாரிகளும் அவரைக் கோழை என்றும் மென்மையானவர் என்றும் பேசினார்கள். சில் கோட்டையிலிருந்து அவர் மாற்றப்பட்டதற்கும் இந்தப் பேச்சுகளுக்கும் தொடர்புண்டு என்றே நான் நினைக்கிறேன்.

1871இல் அவர் வீட்டுத் திண்ணையில் நடந்த சம்பவம் என்ன?

அந்த மே மாதம் டெக்சாஸில் ஒரு சரக்கு வண்டித் தொடரைக் கியோவாக்கள் தாக்கி ஏழு வண்டியோட்டிகளைக் கொன்றார்கள். ராணுவத்தின் தலைமைத் தளபதி ஷெர்மன் அப்போது அந்தப் பகுதியில் பயணத்தில் இருந்தார். சில் கோட்டைக்கு உணவு வாங்க வந்த கியோவா தலைவர்களில் சட்டான்டா, தாக்குதலைத் தாமே நடத்தியதாகச் சொன்னார். ஷெர்மன் தங்கியிருந்த கிரியர்சனின் வீட்டுத் திண்ணைக்கு அவர்களை வரவழைத்தார்கள். கைது என்றதும் கூச்சல் எழுந்தது. அடுத்த நொடி சன்னல் கதவுகள் திறந்தன, உள்ளே மறைந்திருந்த கறுப்பின வீரர்களின் துப்பாக்கிகள் வெளியே நீண்டன. லோன் உல்ஃப் என்ற தலைவர் துப்பாக்கியை உயர்த்தியபோது கிரியர்சன் பாய்ந்து அவரைத் தள்ளினார். இல்லையென்றால் அந்தத் திண்ணையில் பலர் செத்திருப்பார்கள். சட்டான்டாவும் பிக் ட்ரீயும் டெக்சாஸில் விசாரிக்கப்பட்டு மரண தண்டனை பெற்றார்கள். பிறகு அது ஆயுள் சிறையாகக் குறைக்கப்பட்டு, 1873இல் விடுதலையானார்கள்.

கான்ச்சோ கோட்டையில் அவர் வாழ்க்கை எப்படி இருந்தது?

1875இல் மேற்கு டெக்சாஸின் கான்ச்சோ கோட்டைக்கு வந்தார். 1878இலிருந்து பேக்கோஸ் மாவட்டம் முழுவதும் அவர் பொறுப்பு. வறண்ட நிலம். 1877 ஜூலையில் கேப்டன் நிக்கலஸ் நோலனின் குழு, கோமான்சிகளைத் தேடிப் போய் 86 மணி நேரம் தண்ணீர் இல்லாமல் சமவெளியில் அலைந்தது. நான்கு வீரர்கள் மடிந்தார்கள். அந்த நாட்டில் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்ற அறிவே உயிர். கிரியர்சன் தன் ஆட்களைக் கொண்டு நீர்நிலைகளைக் கண்டுபிடித்து வரைபடமாக்கினார், பாதை போட்டார், தந்திக் கம்பி இழுத்தார்.

ஆற்றுக்கு அக்கரையில் இருந்த சான் ஏஞ்சலோ ஊர் கறுப்பின வீரர்களுக்கு ஆபத்தான இடம். அவர்களைக் கொன்றவர்களுக்குத் தண்டனை கிடைப்பது அரிது. 1881 ஜனவரி இறுதியில் வில்லியம் வாட்கின்ஸ் என்ற வீரரை ஒரு பண்ணைக்காரர் மதுக்கடையில் சுட்டுக் கொன்றார். நியாயம் கேட்டு வீரர்கள் துண்டறிக்கை அச்சிட்டார்கள். பிறகு ஆயுதங்களோடு ஊருக்குள் போய்ச் சுட்டார்கள். கிரியர்சன் காவலை இரட்டித்து அவர்களைக் கட்டுப்படுத்தினார். சுட்டவரை ஏற்கெனவே ஊர்க் காவல் அதிகாரியிடம் ஒப்படைத்திருந்தார். நீதிமன்றத்தில் அந்த மனிதர் விடுதலையானார். தன் வீரர்களுக்காக எழுதவும் வாதாடவும் அவரால் முடிந்தது. கோட்டை வாசலுக்கு வெளியே அவர்களுக்கு நீதி வாங்கித் தர அவராலும் முடியவில்லை.

விக்டோரியோவை அவர் எப்படித் தடுத்தார்?

பூர்வகுடிகளான அப்பாச்சிகளின் ஒரு பிரிவுக்குத் தலைவர் விக்டோரியோ. தம் மக்களை சொந்த வார்ம் ஸ்பிரிங்ஸ் மண்ணிலிருந்து பெயர்த்துச் சான் கார்லோஸ் ஒதுக்கிடத்தில் அடைத்ததை ஏற்காமல் வெளியேறிப் போரிட்டவர். அவரைத் துரத்திய படைகள் எல்லாம் குதிரைகளைக் களைப்பித்துக்கொண்டு திரும்பின. 1880 கோடையில் கிரியர்சன் துரத்துவதையே கைவிட்டார். மெக்சிகோவிலிருந்து வருபவர்கள் எந்தச் சுனையில் தண்ணீர் குடித்தாக வேண்டுமோ, அந்தச் சுனைகளில் ஆட்களை முன்கூட்டியே நிறுத்தினார்.

ஜூலை 30 அன்று டினாஹா டே லாஸ் பால்மாஸ் சுனையருகே, இருபதுக்குச் சற்று மேற்பட்டவர்களோடு பாறைகளுக்குப் பின்னால் நின்று, பெரிய அப்பாச்சிக் குழுவைத் துணைப்படை வரும்வரை தடுத்தார். அப்போது அவருடைய மகன் ராபர்ட்டும் கூட இருந்தார். பள்ளிப் படிப்பு முடிந்து அப்பாவோடு பயணம் வந்த இளைஞர். விக்டோரியோ வடக்கே வேறு வழியில் நழுவியதும், கிரியர்சனின் ஆட்கள் 21 மணி நேரத்தில் 65 மைல் கடந்து ராட்டில்ஸ்னேக் ஊற்றுக்கு முன்பாகவே போய்ச் சேர்ந்தார்கள். ஆகஸ்ட் 6 அன்று அங்கேயும் தண்ணீர் கிடைக்காத விக்டோரியோ மெக்சிகோவுக்குத் திரும்பினார். அக்டோபரில் ட்ரெஸ் காஸ்டியோஸில் மெக்சிகோப் படை அவரைக் கொன்றது. 1863இல் செய்த சிந்தனைமிக்க போரைக் கிரியர்சன் ஐம்பத்து நான்கு வயதிலும் செய்தார் என்பதை இந்தக் கோடை காட்டுகிறது.

ஹென்றி ஃபிளிப்பருக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

வெஸ்ட் பாயிண்ட்டில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஃபிளிப்பர். 1877இல் பட்டம் பெற்று 10ஆவது ரெஜிமென்ட்டில் அதிகாரியானார். 1881இல் மேற்கு டெக்சாஸின் டேவிஸ் கோட்டையில் பணம் கையாடியதாகக் குற்றம் சாட்டி ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். கையாடல் குற்றம் நிரூபணமாகவில்லை. ‘அதிகாரிக்குத் தகாத நடத்தை’ என்று சொல்லி 1882இல் படையிலிருந்து நீக்கினார்கள். அவருடைய நேர்மைக்கும் திறமைக்கும் சான்றளித்துக் கிரியர்சன் கடிதம் எழுதினார். அது ஃபிளிப்பரைக் காப்பாற்றவில்லை. 1999இல்தான் அதிபர் பில் கிளிண்டன் அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

குடும்ப வாழ்க்கை?

துயரம் மிகுந்தது. ஏழு பிள்ளைகளில் இருவர் சிறு குழந்தைகளாக இறந்தார்கள். மகள் ஈடித், 1878இல் கான்ச்சோ கோட்டையில் டைபாய்டு காய்ச்சலில் 13 வயதில் இறந்தாள். மூத்த மகன்கள் சார்லஸும் ராபர்ட்டும் மனநோயால் அவதிப்பட்டார்கள். ஆலிஸ் எழுதிய ஏராளமான கடிதங்களில் கோட்டை வாழ்க்கையின் உள்பக்கம் முழுதாகத் தெரிகிறது: ஓயாத விருந்தினர், கடன் கவலை, மீண்டும் மீண்டும் கருவுற்றதால் வந்த சோர்வு. சிறிய குற்றங்களுக்குக் காவலில் கிடந்த கறுப்பின வீரர்களுக்காகவும் அவர் பரிந்து எழுதியிருக்கிறார். ஆலிஸ் 1888இல் காலமானார். 1897இல் கிரியர்சன் மறுமணம் செய்துகொண்டார்.

அவருக்குப் பதவி உயர்வு ஏன் இவ்வளவு தாமதமாயிற்று?

1866இல் கர்னல், 1890 ஏப்ரலில் பிரிகேடியர் ஜெனரல், அடுத்த மூன்று மாதத்தில், 64ஆவது பிறந்தநாளில் ஓய்வு. இடையில் அவருக்கு இளையவர்களான நெல்சன் மைல்ஸ் 1880இலும், ரேனால்ட் மெக்கென்சி 1882இலும் அந்தப் பதவியைப் பெற்றுவிட்டார்கள். கிரியர்சன் வெஸ்ட் பாயிண்ட்டில் படித்தவரல்லர். மேலதிகாரிகளில் ஷெரிடனுக்கு அவர்மீது மதிப்பு குறைவு. பூர்வகுடிகளோடு சமாதானம் பேசியவர் என்ற பெயர் ஒரு பக்கம், கறுப்பின ரெஜிமென்ட்டின் தலைவர் என்ற பெயர் இன்னொரு பக்கம். ஹாட்ச் கர்னலாகவே இறந்துபோனார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் கடைசிக் காரணத்தின் கனம் விளங்கும்.

அவர்மீது குறைகள் சொல்லப்படுவதில்லையா?

சொல்லப்படுகின்றன. ஒழுங்கு காப்பதில் தளர்வானவர் என்பது ஒன்று. உறவினர்களுக்கு வேலை தேடித் தந்தார் என்பது இன்னொன்று. டேவிஸ் கோட்டைக்கருகே நிலங்களை வாங்கிப் பண்ணை வைத்துக்கொண்டு, அந்தக் கோட்டை விரிவடைய முயன்றார் என்பதும் பொய்யல்ல. மேற்குப் பகுதியின் அதிகாரிகளில் பலர் இப்படி நிலத்தில் பணம் போட்டார்கள். ஆனாலும் கோட்டையின் எதிர்காலத்தைப் பற்றிப் பரிந்துரைக்கும் பொறுப்பில் இருந்தவர் அதைத் தவிர்த்திருக்க வேண்டும்.

இவரைப் பற்றித் திரைப்படம் உண்டா?

1863 பயணத்தைத் தழுவி 1959இல் ஒரு ஹாலிவுட் படம் வந்தது. அதில் நாயகனின் பெயர் வேறு, தொழில் ரயில்வே பொறியியல். இசை ஆசிரியரை அதில் தேட வேண்டாம்.

அவர் தொடர்பான இடங்களை இன்று பார்க்க முடியுமா?

முடியும். சான் ஏஞ்சலோவில் கான்ச்சோ கோட்டை அருங்காட்சியகமாகப் பராமரிக்கப்படுகிறது. டேவிஸ் கோட்டை தேசிய வரலாற்றுத் தலம். அதிகாரிகளின் வீடுகளும் வீரர்களின் தங்குமிடங்களும் அங்கே மீட்டெடுக்கப்பட்டிருக்கின்றன. சில் கோட்டை இன்றும் இயங்கும் ராணுவத் தளம் என்பதால் உள்ளே செல்ல அனுமதி பெற வேண்டும். 1871 சம்பவம் நடந்த வீடு ‘ஷெர்மன் இல்லம்’ என்ற பெயரில் அங்கே நிற்கிறது. மிசிசிப்பியில் நியூட்டன் ஊருக்குப் போனால் ரயில் பாதை இன்னும் இருக்கிறது. கிரியர்சனின் கல்லறை இல்லினாயின் ஜாக்சன்வில்லில், ஈஸ்ட் மயானத்தில் உள்ளது. ஒரே பயணத்தில் எல்லாவற்றையும் பார்ப்பது கடினம். ஓர் இடம் மட்டுமே போக முடியுமென்றால் கான்ச்சோவைத் தேர்ந்தெடுங்கள்.